ஸ்கேன் பண்ணியாச்சு

“இணையம் எதையும் மறக்காது.” கல்லூரியில் சேரும் பெண்ணிடம் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. அப்பா சொல்வார், அண்ணன் சொல்வான், விடுதிக் காப்பாளர் சொல்வார், விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வந்த காவல்துறை அதிகாரி மைக்கைப் பிடித்துச் சொல்வார். படம் போடாதே, கருத்துச் சொல்லாதே, சொந்தப் பெயரில் எழுதாதே. ஒருமுறை ஏறினால் ஏறினதுதான், காலத்துக்கும் நிற்கும். இருபது வருடமாக இதைக் கேட்டு வருகிறேன். பாதிக்கு மேல் பொய்.

எது நிற்கிறது? ஒரு பெண்ணைக் கேட்காமல் எடுத்த படம் நிற்கிறது. பத்துப் பேர் அதைத் தங்கள் போனில் இறக்கி வைத்துக்கொள்கிறார்கள், ஐம்பது குழுக்களில் அனுப்புகிறார்கள், ஏதோ ஒரு தளம் அதன் பக்கத்தில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கிறது. ஆள் இருக்கிறது, காசு இருக்கிறது, அதனால் நிற்கிறது. அதே பெண் எழுதியது என்ன ஆனது? ஆளுக்கொரு இலவசப் பக்கம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் இழுத்து மூடியது. 2014 செப்டம்பரில் ஆர்க்குட் போனது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் போனது. காலி செய்யச் சொல்லி ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். அங்கெல்லாம் பெண்கள் இரவு பதினொரு மணிக்கு, அடுப்படி விளக்கை அணைத்த பிறகு உட்கார்ந்து எழுதினார்கள். பிரசவ வார்டில் வாங்கிய வசவைப் பற்றி, வேலைக்குப் போக மாமனாரிடம் கேட்ட அனுமதியைப் பற்றி. அதன் கீழே முன்பின் தெரியாத பெண்கள் வந்து “எனக்கும் இதே கதைதான்” என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த மறுமொழிகள்தான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகின்றன. கட்டுரை எழுதியவள் ஒருவேளை நகல் வைத்திருப்பாள். “எனக்கும்” என்று ஒரு வரி எழுதியவள் வைத்திருக்க மாட்டாள்.

ஆக, பெண்ணைக் கேவலப்படுத்துவது தங்குகிறது, பெண் சொன்னது போகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை என்பார்கள். எதற்குத் திட்டம்? லாபம் தருவது இருக்கட்டும், மற்றது போகட்டும் என்று விட்டால் தானாகவே இப்படித்தான் வந்து நிற்கும்.

கோப்பு கையில் இருந்தும் படிக்க முடியாமல் போகிற மறதி ஒன்று உண்டு. அது தமிழுக்கென்றே வாய்த்தது. தொண்ணூறுகளில் பெண்கள் நடத்திய இதழ்கள், துண்டறிக்கைகள், மாநாட்டு மலர்கள் பலவும் பேஜ்மேக்கரில் கோக்கப்பட்டவை. கணினிக்கு அப்போது தமிழ் தெரியாது. அதனால் ஆங்கில எழுத்தின் இருப்பிடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்து எழுத்துரு செய்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கணினி உள்ளே எழுதி வைத்துக்கொண்டதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்று திறந்தால் அம்மா இருக்க மாட்டாள், எம்முக்கும் எச்சுக்கும் நடுவில் ஓர் அரைப்புள்ளி இருக்கும். பாமினிக்காவது மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. கடைக்குக் கடை விற்ற வேறு பல எழுத்துருக்களுக்கு அதற்கதற்கென்று தனி வரிசை. அந்த வரிசை தெரிந்தவர் போனால் போனதுதான்.

அந்தப் பக்கங்களை அடித்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்துவிட்டு, டி.டி.பி. கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அடித்த பெண்கள். புத்தகத்தின் முதல் பக்கங்களில் ‘ஒளியச்சு’ என்று போட்டு எதிரே கடையின் பெயர் இருக்கும். அடித்தவள் பெயர் இருக்காது. பெண்ணெழுத்து என்று பேசும்போது விரல் வலிக்க அடித்த அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பது என் பழைய வழக்கு, அதை இன்னொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்கிறேன்.

மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கி, உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். ஒருங்குறி பரவலாகப் புழக்கத்துக்கு வருமுன் தொடங்கிய வேலை அது. முதலில் ஓர் எழுத்துருவில் அடித்தார்கள், பிறகு திஸ்கிக்கு மாற்றினார்கள், பிறகு ஒருங்குறிக்கு மாற்றினார்கள். அந்த நூல்கள் இன்று உங்கள் போனில் திறக்கின்றன என்றால், யாரோ உட்கார்ந்து மறுபடியும் மறுபடியும் மாற்றினார்கள் என்று பொருள். ஒருமுறை ஏற்றியதால் நிற்கவில்லை. சங்க இலக்கியத்துக்கும் பக்தி இலக்கியத்துக்கும் இப்படி மெனக்கெட ஆட்கள் முன்வந்தார்கள். தொண்ணூறுகளின் பெண்கள் அமைப்புத் துண்டறிக்கைக்கு யார் மெனக்கெட்டார்கள்?

இனி நான் நேரில் கண்டது. தென்மாவட்டம் ஒன்றில் பெண்கள் அமைப்பின் ஆவண அறையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அமைப்பின் பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் பீடி சுற்றும் பெண்களிடம் ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் அங்கே நூற்றுக்கும் மேல் இருந்தனவாம். சொளவை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசியவர்கள். பீடிக்கடையில் கழிவு என்று ஒதுக்கிவிட்டு அதையும் எடுத்துக்கொள்ளும் கணக்கு, இருமல், பாஸ்புத்தகம் யார் பேரில் இருக்கிறது என்கிற சண்டை, பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி இலை வெட்ட உட்கார வைத்த மகள். நான் சேர்வதற்கு முன்பே ‘டிஜிட்டல் மயமாக்க’ வெளியிலிருந்து நிதி வந்திருக்கிறது. நாடாவையெல்லாம் சின்னச் சின்ன எம்.பி.3 கோப்புகளாக நசுக்கி சி.டி.யில் ஏற்றினார்கள். அறிக்கை எழுதினார்கள். அறிக்கையில் படம்கூட இருந்தது: கணினி முன் ஒரு இளைஞர், பக்கத்தில் அடுக்கிய நாடாக்கள். இடம் போதவில்லை என்று நாடாக்களைத் தூக்கிப் போட்டார்கள். திட்டம் முடிந்தது.

பத்து வருடம் கழித்து ஓர் ஆய்வு மாணவி கேட்டு வந்தாள். சி.டி.க்களில் பாதி சுழன்றுகொண்டே இருந்தன, திறக்கவில்லை. வீட்டில் எழுதும் சி.டி.யில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அது வெளிறிவிடும். திறந்தவற்றில் கோப்புப் பெயர் டிராக் 1, டிராக் 2. பேசுவது யார், எந்த ஊர், எந்த வருடம், பேர் போடச் சம்மதித்தாரா, ஒன்றும் இல்லை. அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா அறைக்குள் வந்தவர் துடைப்பத்தோடு நின்று கேட்டார். “இது எங்க ஊர் மேலத்தெருப் பெரியம்மா குரலு. செத்து ஆறு வருசம் ஆச்சு” என்றார். அப்படியே உட்கார்ந்து பதினோரு குரல்களை அடையாளம் சொன்னார். அந்தக் காப்பகத்தின் பட்டியல் அத்தனையும் அவர் தலைக்குள் இருந்தது. அடுத்த வருடம் ஆட்குறைப்பில் முதலில் போனவரும் அவர்தான்.

“ஸ்கேன் பண்ணியாச்சு, டிஜிட்டல் பண்ணியாச்சு” என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அதற்குப் பிறகு எனக்குப் பதறுகிறது. ஸ்கேன் செய்வது கல்யாணம் மாதிரி: நிதி வரும், படம் எடுப்பார்கள், பெரியவர்கள் மேடையேறுவார்கள். மறுநாளிலிருந்து ஆரம்பிக்கும் குடித்தனத்தை யாரும் படம் எடுப்பதில்லை. ஹார்ட் டிஸ்க் ஐந்தாறு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் மண்டையைப் போடும், அதற்குமுன் புதியதற்கு மாற்ற வேண்டும். ஒரே பிரதி இருந்தால் அது பிரதியே இல்லை. மூன்றாவது வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஓர் எண்ணைக் கணக்கிட்டு வைத்து, கோப்பு உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் கைவிட்டால் செத்துப்போகிற வடிவத்திலிருந்து யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இது யார், எப்போது, எங்கே, யாருக்குக் காட்டலாம் என்று எழுதி வைக்க வேண்டும். செய்தால் கண்ணுக்குத் தெரியாது, செய்யாவிட்டால்தான் தெரியும். துவைப்பது, பெருக்குவது, அரிசியில் வண்டு விழாமல் வெயிலில் காயவைப்பது எந்த ரகமோ அந்த ரகம். அதனால்தான் அதற்குச் சம்பளம் இல்லை. நிதி விண்ணப்பத்தில் கேமராவுக்கு ஒரு வரி இருக்கும், ஸ்கேனருக்கு ஒரு வரி இருக்கும், தொடக்க விழாவுக்கும் இருக்கும். எட்டாவது வருடம் ஹார்ட் டிஸ்க்கை மாற்றப்போகிறவளுக்கு இருக்காது.

பணக்கார நிறுவனங்களில் இப்படி இருக்காது என்று நினைக்க வேண்டாம். 1966, 67இல் அமெரிக்காவின் நாசா, நிலவில் எங்கே இறங்கலாம் என்று பார்க்க லூனார் ஆர்பிட்டர் என்ற ஐந்து விண்கலங்களை அனுப்பியது. படங்கள் பெரிய பெரிய காந்த நாடாக்களில் பதிவாயின. எண்பதுகளில் அவற்றை வைத்திருக்க வேண்டுமா, கழித்துவிடலாமா என்ற கேள்வி வந்தது. நான்சி எவன்ஸ் என்ற ஆவணக் காப்பாளர் கழிக்க மறுத்தார். நாடா இருந்தால் மட்டும் போதாது, அதை ஓட்டும் இயந்திரமும் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உலகத்தில் சிலவே மிஞ்சியிருந்த அந்த இயந்திரங்களை, ஃப்ரிட்ஜ் அளவுள்ளவற்றை, தேடி வாங்கினார். சீர்செய்ய நிதி கேட்டார், போதுமான அளவு கிடைக்கவில்லை. வருடக்கணக்காக அவை அவருடைய வீட்டுக் கார் கொட்டகையில் கிடந்தன. 2008இல்தான் ஒரு குழு அவற்றை ஓட்ட வைத்து, நிலவின் விளிம்புக்கு மேல் பூமி தெரியும் 1966ஆம் ஆண்டுப் படத்தை முன்னெப்போதும் இல்லாத தெளிவோடு எடுத்தது.

இந்தக் கதையை நெகிழ்ந்துபோய்ச் சொல்வார்கள். எனக்கு நெகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வருகிறது. நிலவுக்கு ஆள் அனுப்பக் காசிருந்த அரசு, தன் நினைவை ஒரு பெண் வீட்டுக் கொட்டகையில் இருபது வருடம் வாடகையில்லாமல் வைத்திருந்தது. அவர் வீடு மாறியிருந்தால்? “பழைய இரும்பை எப்போ எடுப்பே” என்று வீட்டில் நச்சரித்திருந்தால்? தனி ஒருத்தியின் பிடிவாதத்தைப் பாராட்டுவது நிறுவனத்துக்கு மலிவான ஏற்பாடு. நம் அமைப்புகளிலும் அதே ஏற்பாடுதான் நடக்கிறது. பழைய இதழ்க் கட்டெல்லாம் ஒரு தோழியின் பரணில், பழைய கணினி இன்னொருத்தியின் கட்டிலுக்கடியில்.

எதை ஆவணம் என்கிறோம் என்பதிலும் சண்டை இருக்கிறது. கல்யாண அழைப்பிதழையும் நாடக நோட்டீசையும்கூடச் சேர்க்க வேண்டும் என்று கோட்டையூர் ரோஜா முத்தையாவுக்குத் தோன்றியது. அவர் சேர்த்தது இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. அந்தக் கண் நமக்கு இன்னும் பல இடங்களில் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கின. அன்றிலிருந்து ஊர் ஊராகத் தீர்மானப் புத்தகம் எழுதுகிறார்கள். கோடு போட்ட நோட்டு, நீல மை, கீழே கையெழுத்துகள், நடுவில் சில கைநாட்டுகள். சில வருடம் தள்ளிப் பார்த்தால் அந்தக் கைநாட்டுகள் கோணல்மாணலான கையெழுத்தாக மாறியிருக்கும். இவ்வளவு பெண்கள் இவ்வளவு காலம் தங்கள் கையால் பொதுக்காரியம் எழுதியது தமிழில் வேறெங்கே இருக்கிறது? நான் போன எந்தக் காப்பகத்திலும் ஒரு தீர்மானப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது கணக்கைச் செயலியில் ஏற்றச் சொல்கிறார்கள். நல்லதுதான். நான் பார்த்த செயலியில் சேமிப்பு ஏறியது, தவணை ஏறியது, வருகைப்பதிவு ஏறியது. “சாராயக்கடையை எடுக்கச் சொல்லி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கத் தீர்மானம், இரண்டு பேர் பயந்து கையெழுத்துப் போடவில்லை” என்பதை ஏற்ற அதில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாதது நடக்காததாகிவிடும்.

எழுத்தில் இல்லாத பெண்களை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ், நம் அம்பை மூவரும் 1988இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ, பெயரிலேயே ஒலியையும் படத்தையும் வைத்துக்கொண்டது. பெண்களின் வரலாற்றைக் காகிதத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது என்று தெரிந்து செய்த வேலை. அதற்கும் முன்னால் போனால், 115 நாவல்கள் எழுதிய வை.மு.கோதைநாயகி அம்மாள் தன் முதல் படைப்பை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். இன்று பாட்டி வாட்ஸப்பில் குரலில் பேசி அனுப்புகிறாள். பட்டம்மாள் இடத்தில் இப்போது இருப்பது ஒரு கம்பெனியின் சர்வர். இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத கணக்கை, அதில் உள்ள படங்களோடும் கடிதங்களோடும் அழிக்கலாம் என்று கூகுள் விதி வகுத்து, 2023 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அம்மா இறந்து, கடவுச்சொல்லும் அவளோடு போய், துக்கத்தில் நாம் தொடாமல் விட்டால், இரண்டாவது திவசத்தோடு அவளுடைய கணக்கும் போகலாம்.

“அப்படியானால் பெண்களைப் பற்றிய எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட வேண்டுமா, அவளுக்கு அந்தரங்கம் கிடையாதா?” என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. வன்முறைக்கு ஆளானவளின் வாக்குமூலம், கருக்கலைப்புப் பற்றிப் பேசியது, சாதி மாறிக் காதலித்தவளின் கடிதம், இவற்றைத் திறந்த இணையத்தில் போடுவது அவளை இன்னொரு முறை தெருவில் நிறுத்துவது. ஆனால் பாதுகாப்பது வேறு, கடைவிரிப்பது வேறு. பேசியவளின் காலம் வரை பூட்டி வைக்கலாம், பெயரை மறைத்துக் கொடுக்கலாம், “எடுத்துவிடு” என்று அவள் வந்து கேட்டால் எடுத்துவிட ஒரு வழி வைக்கலாம். இதற்கும் ஆள் வேண்டும், பதிவேடு வேண்டும். பராமரிப்பு இல்லாத இடத்தில் அந்தரங்கமும் இருக்காது. நான் சொன்ன அமைப்பில் அந்தக் குரல்களைத் தொலைக்கவும் செய்தார்கள், சம்மதம் கேட்ட விவரம் இல்லாமல் ஒரு ஆவணப்படத்துக்குக் கொடுக்கவும் செய்தார்கள். இரண்டும் ஒரே அலட்சியம்.

“எல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறதே” என்பார்கள். நல்ல நிறுவனம், 1996இலிருந்து செய்கிறார்கள். 2024 அக்டோபரில் அதன்மேல் தாக்குதல் நடந்து பல நாள் திறக்கவில்லை. மொத்தத்தையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதன் விலை தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன, வேறெங்கும் நகல் இல்லாத சுவடிகளோடு. அந்த நெருப்பைப் பார்த்த சமூகத்திலிருந்துதான் 2005இல் நூலகம் என்ற இணைய நூலகம் வந்தது. சிற்றிதழ், துண்டறிக்கை, பள்ளி மலர் என்று பேதம் பார்க்காமல் சேர்க்கிறார்கள். பெண்கள் அமைப்புகளின் வெளியீடுகளும் அதில் இருக்கின்றன. இழந்தவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிய, நாமும் ஒரு நெருப்பைப் பார்க்க வேண்டுமா?

மாணவிகளே, உங்கள் கல்லூரியில் ஒன்று பாருங்கள். நாக் குழு வருகிறது என்றால் ஆவணம் எப்படிப் பறக்கிறது! கோலப்போட்டியின் படம், ஜியோடேக் போட்டு, தேதி போட்டு, மூன்று இடத்தில் நகல் எடுத்து வைக்கப்படுகிறது. அந்தப் படத்தைச் சேர்க்க நள்ளிரவு வரை உட்காரும் ஆசிரியை பெரும்பாலும் ஒப்பந்தச் சம்பளக்காரி. ஆக, வேண்டும் என்றால் செய்ய முடிகிறது. அதே கல்லூரியில் விடுதிச் சோற்றுக்காக, இரவு எட்டு மணிக்குக் கதவைப் பூட்டுவதற்கு எதிராக, உங்கள் அக்காமார் ஒட்டிய சுவரொட்டி எங்கே? உள் புகார்க் குழு வேண்டும் என்று கையெழுத்து வாங்கிய தாள் எங்கே? நூலகரிடம் போய்க் கேளுங்கள். இல்லை என்பார். ஏன் இல்லை, பராமரிப்புக்கு வருடம் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள், அதைப் பார்க்கும் ஆளுக்கு என்ன சம்பளம் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பெண்ணிய அமைப்புகளிடமும், இந்தப் புத்தகத்தைப் போடும் பதிப்பகத்திடமும் இதையே கேளுங்கள். ஆவணத் திட்டம் என்று யார் நிதி கேட்டாலும், அதில் கால் பங்காவது முதல் வருடத்துக்குப் பிந்திய வேலைக்கு ஒதுக்கியிருக்க வேண்டும், அந்த வேலையைச் செய்பவரின் பெயர் அட்டையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதுவரை அவரவர் கையில் இருப்பதைப் பார்ப்போம். இந்த வாரம் விடுதி வாசலில் நீங்கள் படித்த துண்டறிக்கையைப் படம் எடுத்தால், கோப்பின் பெயரை ஐ.எம்.ஜி. என்று விட்டுவிடாமல், தேதி, ஊர், எதற்காக, எழுதியது யார் என்று தமிழிலேயே மாற்றுங்கள். எழுதியவளிடம் “உன் பெயர் போடலாமா, எத்தனை வருடம் கழித்து வெளியில் காட்டலாம்” என்று கேட்டு, அவள் சொன்ன பதிலை அதே பெயரில் இன்னொரு கோப்பாக வையுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் தோழிக்கு அனுப்புங்கள். தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.